பழைய பாணி ரிவோல்வரில் புதுச் சாமான் பூட்டலாமா?

தம்பி, உங்கள் கேள்வியை இரண்டு தரம் வாசித்தேன். உவர்மலையில் வளர்ந்து இப்போது ஹூஸ்டனில் வேலை செய்கிறீர்கள், சனிக்கிழமைகளில் சுடுதளத்துக்குப் போகிற பழக்கம் வந்திருக்கிறது, மூன்று மாதத்துக்கு முன் இத்தாலியில் செய்த உபெர்ட்டி கேட்டில்மேன் ஒன்றை, அதாவது 1873 கோல்ட் ரிவோல்வரின் நகலை, வாங்கியிருக்கிறீர்கள். .45 கோல்ட் என்கிற ரவை, ஐந்தரை அங்குலக் குழல். அதில் ரெட் டாட் (இலக்கின் மேல் ஒரு சிவப்புப் புள்ளியைக் காட்டுகிற குறிக்கண்ணாடி), றப்பர் பிடி, குழலுக்குக் கீழே ஒரு டோர்ச், இலகுவான ட்ரிகர், இவ்வளவையும் பூட்டலாமா, 25 யாரில் (ஏறக்குறைய 23 மீற்றர்) சுட்டால் சன்னம் ஒரு சாண் கீழே போய் விழுகிறதே அதற்கு என்ன செய்யலாம் என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் நேரே சொல்லிவிடுகிறேன், பிறகு காரணத்துக்கு வருகிறேன். பிடியை மாற்றலாம். ஸ்பிரிங் மாற்றலாம், மாற்றத்தான் வேண்டும். கீழே விழுகிற குறியைத் திருத்தலாம், அதற்கு ஒரு காசும் செலவில்லை. ரெட் டாட்டும் டோர்ச்சும் இந்தத் துப்பாக்கியில் வேண்டாம். ரெட் டாட் ஆசை உண்மையானது என்றால் அதற்கென்று வேறொரு ரிவோல்வர் வாங்குங்கள், எது என்றும் கீழே சொல்கிறேன். நான் எல்லாவற்றுக்கும் வைத்திருக்கிற அளவுகோல் ஒன்றுதான்: கழற்றினால் துப்பாக்கி கடையில் வாங்கிய அன்றைக்கு இருந்த மாதிரியே திரும்பி வர வேண்டும். வராது என்றால் அந்த வேலையைத் தொடுவதற்கு முன் ஒரு வருடம் யோசியுங்கள்.

நான் யார் என்று கேட்பீர்கள். டெக்சஸில் ஒரு துப்பாக்கி திருத்தும் பட்டறையில் 19 வருடம் வேலை செய்தேன், பாதிக்கு மேல் ரிவோல்வர் வேலைதான். இப்போது திருகோணமலையில் இருக்கிறேன், இங்கே துப்பாக்கி எதுவும் வைத்திருக்கவில்லை, வைத்திருக்க விருப்பமும் இல்லை. 1916ஆம் ஆண்டின் சுடுகலன் கட்டளைச் சட்டம் இன்றைக்கும் திருத்தங்களோடு நடைமுறையில் இருக்கிற நாடு இது, உரிமம் இல்லாமல் ஒன்றை வைத்திருந்தால் என்ன நடக்கும் என்று இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். சட்டத்தை விடுங்கள், இந்த ஊரில் எத்தனை வீட்டுச் சுவரில் மாலை போட்ட படம் தொங்குகிறது என்று உங்களுக்கும் தெரியும். அதனால் துப்பாக்கியை விளையாட்டுச் சாமான் மாதிரி கதைக்கிற பழக்கம் எனக்கு இல்லை. ஆனால் அந்த இயந்திரத்தின் மீது எனக்கு மதிப்பு உண்டு. அதைச் சரியாகக் கையாளத் தெரியாமல் கெடுக்கிறவர்களைப் பார்த்தால் மனசு பொறுக்காது.

நானும் ஒன்றைக் கெடுத்திருக்கிறேன். பட்டறையில் மூன்றாவது வருடம், ஒரு பெரியவர் தன்னுடைய தகப்பனின் ரிவோல்வரைக் கொண்டுவந்தார். கோல்ட் சிங்கிள் அக்‌ஷன், ரவையை அடிக்கிற ஹாமரை ஒவ்வொரு வெடிக்கும் முன் கட்டைவிரலால் பின்னுக்கு இழுத்துச் சுடுகிற வகை, இரண்டாம் உலகப் போருக்கு முந்தியது, நீலப் பூச்சு பாதி போய் விளிம்பெல்லாம் வெள்ளி மாதிரி தேய்ந்திருந்தது. கண்பார்வை குறைந்துவிட்டது, மேலே ஒரு தொலைநோக்கி பூட்டித் தா என்று கேட்டார். மேற்பட்டையில் மூன்று துளை போட்டு, மரை வெட்டி, பூட்டிக் கொடுத்தேன். வேலை சுத்தமாகத்தான் இருந்தது. இரண்டு வருடம் கழித்து அவருடைய மகன் அதைத் திரும்பக் கொண்டுவந்தார், அப்பா போய்விட்டார், தாத்தா வைத்திருந்த மாதிரியே ஆக்கித் தர முடியுமா என்று கேட்டார். தொலைநோக்கியைக் கழற்றினேன். மூன்று துளையும் வாயைப் பிளந்துகொண்டு நின்றன. அடைப்புத் திருகாணி போட்டு அராவி, நிறம் கொடுத்துப் பார்த்தேன், வெளிச்சத்தில் சரித்துப் பிடித்தால் மூன்று வட்டமும் தெரியும். அவர் ஒன்றும் சொல்லவில்லை, காசைக் கொடுத்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகு பழைய சிங்கிள் அக்‌ஷனில் நான் துளைப்பானைத் தொட்டதே இல்லை.

இதைச் சொன்னதும், அப்படியானால் நீங்களும் பழையதை அப்படியே வைத்திருக்க வேண்டும் என்கிற கட்சியா என்று நினைக்க வேண்டாம். இல்லை. 1873இல் அமெரிக்க இராணுவம் எடுத்த அந்தக் கோல்ட்டே ஒரே மாதிரி நின்றது கிடையாது. குதிரைப்படைக்கு ஏழரை அங்குலக் குழல், பிறகு ஐந்தரைக்குக் குறுக்கினார்கள், பொதுமக்கள் இடுப்பில் வசதியாக இருக்கட்டும் என்று நாலே முக்கால். முதலில் வால்நட் மரப் பிடி, 1880களில் கோல்ட் கம்பனியே கடின றப்பர் பிடி போட்டு விற்றது. ஆக, பழைய ரிவோல்வருக்கு றப்பர் பிடி போடுவது பாவம் என்று சொல்கிறவருக்கு அந்த ரிவோல்வரின் கதையே தெரியாது என்று அர்த்தம். 1894இல் குறி பார்த்துச் சுடுகிற போட்டிக்காரருக்காகப் பிஸ்லி என்று பிடியின் வளைவையே மாற்றி ஒன்று கொண்டுவந்தார்கள். 1920களில் எல்மர் கீத் என்கிற மனிதர் நல்ல கைவினைஞர் சிலரைப் பிடித்து, பிஸ்லியின் பிடிப் பின்பட்டையையும் சாதாரண கோல்ட்டின் பிடி முன்பட்டையையும் ஒட்டவைத்து, நகர்த்தக்கூடிய சைட், அதாவது குறி பார்க்கிற உறுப்பு, போட்டு, ஐந்தாம் இலக்கம் என்று ஒரு ரிவோல்வர் செய்வித்தார். அந்த யோசனைகள் 1955இல் வந்த ரூகர் பிளாக்ஹோக்கில் கண்ணுக்குத் தெரியும். மாற்றுவது இந்தத் துப்பாக்கிக்குப் புதிது இல்லை.

நம் ஊர்ப்பக்கமும் ஒரு உதாரணம் இருக்கிறது. 1957 வரை இங்கே பிரித்தானியக் கடற்படைத் தளம் இருந்தது உங்களுக்குத் தெரியும். என் அப்பா டொக்யார்டில் வேலை செய்தவர், அதிகாரிகளின் இடுப்பில் கிடந்த வெப்ளி ரிவோல்வரைப் பற்றிச் சொல்லுவார், பிடியின் அடியில் ஒரு வளையம், அதிலிருந்து கழுத்துக்கு ஒரு கயிறு. படகிலிருந்து ஏறி இறங்கும்போது தண்ணீருக்குள் விழாமல் இருக்கத்தான் அந்தக் கயிறு. அதுவும் ஒரு துணைச் சாமான்தான். முதல் உலகப் போரிலேயே வெப்ளிக்குப் பிரிடோ என்று ஒரு வேக நிரப்பி இருந்தது, ஆறு ரவையையும் ஒரே தள்ளில் சிலிண்டருக்குள் இறக்கிவிடும். இன்றைக்குக் கடையில் புதுக் கண்டுபிடிப்பு மாதிரி தொங்குகிற ஸ்பீட்லோடர் அப்போதே இருந்தது. பழையது எது, புதியது எது என்பதில் சண்டை பிடித்துப் பயனில்லை. அந்தச் சாமான் இந்தத் துப்பாக்கியின் வேலைக்குத் துணையா, இல்லை அதன் உடம்பைக் கிழிக்கிறதா என்றுதான் நான் பார்ப்பேன்.

சரி, ரெட் டாட்டுக்கு வருவோம். ரெட் டாட் நல்ல சாமான், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஸ்வீடனின் எய்ம்பாயிண்ட் 1975இல் முதன்முதலாக விற்பனைக்குக் கொண்டுவந்த காலத்தில் அது ஒரு குழாய் மாதிரி இருந்தது, இப்போது தீப்பெட்டியை விடச் சின்னதாகிவிட்டது. நாற்பது வயதைத் தாண்டிய கண்ணுக்கு அது வரப்பிரசாதம், ஏனென்றால் பின் சைட், முன் சைட், இலக்கு என்று மூன்று தூரத்தையும் ஒரே நேரம் தெளிவாகப் பார்க்க எந்தக் கண்ணாலும் முடியாது, வயது போகப் போக இன்னும் முடியாது. புள்ளி இருந்தால் இலக்கை மட்டும் பார்த்தால் போதும்.

ஆனால் உங்கள் கேட்டில்மேனில் அதை எங்கே வைப்பீர்கள்? பின் சைட் என்று தனியாக ஒரு துண்டே அதில் இல்லை, மேற்பட்டையில் வெட்டிய ஒரு வாய்க்கால்தான் பின் சைட். கழற்ற ஒன்றும் இல்லாத இடத்தில் பூட்டுவதென்றால் துளைக்கத்தான் வேண்டும், மேற்பட்டை அந்த இடத்தில் தடிப்பும் இல்லை, சிலிண்டருக்கு மேலே துப்பாக்கியின் உடற்சட்டத்தை இறுக்கிப் பிடித்திருக்கிற பட்டையே அதுதான். மெல்லிய அடித்தட்டு ஒன்றைப் பசையால் ஒட்டுகிறவர்களும் இருக்கிறார்கள், .45 கோல்ட்டின் உதைப்பில் அது எத்தனை நாள் நிற்கும் என்று நான் உத்தரவாதம் தர மாட்டேன். இன்னொரு விஷயம், ரிவோல்வரில் சிலிண்டருக்கும் குழலுக்கும் நடுவே 0.1 முதல் 0.2 மில்லிமீற்றர் வரை ஓர் இடைவெளி இருக்கிறது. ஒவ்வொரு வெடிக்கும் அந்த இடைவெளியால் கொதிவாயுவும் கரியும் ஈயத் துகளும் பக்கவாட்டிலும் மேலேயும் பாயும். ரெட் டாட்டின் கண்ணாடி அதற்குச் சற்றுப் பின்னால் மேலே இருக்கும், ஐம்பது ரவைக்குள் பனி பிடித்த மாதிரி மங்கும். துடைக்கலாம். ஆனால் காய்ந்த துணியால் தேய்த்துக் கண்ணாடிப் பூச்சைக் கெடுத்தவர்கள் நிறையப் பேர்.

அதனால் ரெட் டாட் வேண்டும் என்றால், இரண்டு வழி. உங்களுக்குச் சிங்கிள் அக்‌ஷன் பழக்கம்தான் பிடித்திருக்கிறது என்றால் ரூகர் பிளாக்ஹோக் வாங்குங்கள். அதில் நகர்த்தக்கூடிய பின் சைட் தனித் துண்டாக இருக்கிறது, அதைக் கழற்றிவிட்டு அதே இடத்தில், அதே திருகாணித் துளையில் உட்காருகிற தட்டு விற்கிறார்கள், ஒரு துளையும் புதிதாகப் போட வேண்டாம். நாளைக்கு வேண்டாம் என்றால் பழைய சைட்டை வைத்து இறுக்கினால் முடிந்தது. இல்லை, சிலிண்டர் பக்கவாட்டில் திறக்கிற, ட்ரிகரை இழுத்தாலே ஹாமரும் எழும்பி விழுகிற இரட்டை அக்‌ஷன் வேண்டும் என்றால் ஸ்மித் அண்ட் வெசன் 686 மாதிரி ஒன்று. 1990களின் நடுப்பகுதிக்குப் பிறகு வந்த அவர்களுடைய நகர்த்தும் சைட் ரிவோல்வர்களில் பெரும்பாலானவற்றில் பின் சைட்டைக் கழற்றினால் அடியில் கம்பனியே துளை போட்டு மரை வெட்டி வைத்திருக்கும். தட்டைப் பூட்டும்போது திருகாணியில் நீல நிறப் பூட்டுப் பசை ஒரு துளி, சிவப்பு வேண்டாம், சிவப்பைப் போட்டால் பிறகு சூடாக்கித்தான் கழற்ற முடியும். இறுக்குவதற்கு அளவு காட்டுகிற திருப்புளி ஒன்று வாங்குங்கள், கை வலுவை நம்பி இறுக்கி மரையை உரித்துக்கொண்டு வந்தவர்களுக்கு நான் எத்தனை தரம் திருத்திக் கொடுத்திருக்கிறேன் என்று கணக்கில்லை.

டோர்ச்சைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. உங்கள் ரிவோல்வரில் குழலுக்குக் கீழே, சுட்ட ரவையின் வெற்றுக் கோதைத் தள்ளுகிற கம்பியும் அதன் உறையும் ஓடுகின்றன, அந்த இடத்தில் எதையும் கொழுவினால் கோது தள்ள முடியாது. அதோடு அந்த உருவத்துக்கு இடுப்பில் மாட்டுகிற உறையும் கிடைக்காது. நீங்கள் சுடுவது பகலில், சுடுதளத்தில். கையில் பிடிக்கிற டோர்ச் ஒன்றைக் காருக்குள் வைத்திருங்கள், போதும்.

இப்போது நீங்கள் கடைசியில் கேட்டதற்கு வருகிறேன், என் மனசுக்கு இதுதான் முக்கியமான கேள்வி. 25 யாரில் சன்னம் கீழே விழுகிறது. புதுச் சாமான் எதுவும் வாங்காமல் இதைத் திருத்தலாம், ரெட் டாட் ஆசையில் பாதி இந்தக் குறை தீர்ந்ததுமே போய்விடும் என்று நினைக்கிறேன்.

இந்தப் பாணித் துப்பாக்கியில் முன் சைட்டை வேண்டுமென்றே கொஞ்சம் உயரமாக விட்டுத்தான் அனுப்புவார்கள். முன் சைட் உயரமாக இருந்தால் சன்னம் கீழே போகும், தாழ்ந்தால் மேலே போகும், பின் சைட்டுக்கு இது தலைகீழ். உயரமாக விடுகிறதற்குக் காரணம், அராவி எடுக்கலாம், அராவியதைத் திரும்ப ஒட்ட முடியாது. ஆனால் அரத்தைக் கையில் எடுக்க முதல் ஒரு கேள்விக்குப் பதில் தெரிய வேண்டும்: எந்தச் சன்னம் சுடுகிறீர்கள்? .45 கோல்ட்டுக்குப் பிறந்த நாளிலிருந்து பழக்கமான சன்னம் 250 கிரெய்ன் அளவு, அதாவது 16 கிராமுக்குச் சற்று மேல். பழைய பாணித் துப்பாக்கிகளால் சுடுகிற கௌபோய் போட்டிக்காரருக்காக 200 கிரெய்ன் இலகு ரவை விற்கிறார்கள், உதைப்புக் குறைவு, ஆரம்பத்தில் எல்லாரும் அதைத்தான் வாங்குவார்கள். ரிவோல்வரில் கனமான சன்னம் மேலே அடிக்கும், இலகுவான சன்னம் கீழே அடிக்கும். கேட்கும்போது தலைகீழாகத் தெரியும், ஆனால் காரணம் எளிது: வெடித்த கணத்திலேயே குழல் மேலே எழும்பத் தொடங்கிவிடும், கனமான சன்னம் மெதுவாகப் போவதால் குழலுக்குள் அதிக நேரம் இருந்து, குழல் நன்றாக எழும்பின பிறகுதான் வாயை விட்டுப் போகும். நீங்கள் 200 கிரெய்ன் சுடுகிறீர்கள் என்றால் ஒரு பெட்டி 250 வாங்கிச் சுட்டுப் பாருங்கள். ஒரு சாணில் பாதி அதிலேயே சரியாகிவிடலாம்.

இனிமேல் எப்போதும் இந்த ரவைதான் என்று ஒரு முடிவுக்கு வந்த பிறகு, சாய்மானம் வைத்து, கை நடுங்காமல், ஐந்தைந்தாக நாலு தரம் சுடுங்கள். இருபது ஓட்டையின் நடுவைப் பிடித்து, அது இலக்கிலிருந்து எவ்வளவு கீழே என்று அளவுங்கள். கணக்கு இதுதான்: விலகலை இரண்டு சைட்டுக்கும் இடைப்பட்ட தூரத்தால் பெருக்கி, இலக்கின் தூரத்தால் வகுக்க வேண்டும். உங்கள் ஐந்தரை அங்குலக் குழலில் சைட் இடைத்தூரம் கிட்டத்தட்ட 17 சென்ரிமீற்றர் வரும், நீங்களே அளந்து பாருங்கள். 25 யார் என்றால் ஏறக்குறைய 2300 சென்ரிமீற்றர். 10 சென்ரிமீற்றர் கீழே விழுகிறது என்று வைத்தால், பத்தைப் பதினேழால் பெருக்கி 2300ஆல் வகுக்க 0.074 சென்ரிமீற்றர், அதாவது முக்கால் மில்லிமீற்றர். அவ்வளவுதான் அராவ வேண்டும். ஆனால் ஒரே மூச்சில் முக்கால் மில்லியையும் எடுக்கக் கூடாது. பாதியை அராவி, திரும்பச் சுட்டு, பிறகு மிச்சத்தில் பாதி, கடைசிப் பகுதியை அரத்தால் எடுக்காமல் எண்ணெய்க் கல்லால் தேய்க்க வேண்டும். குழலை வழுக்காத துணியால் சுற்றிவிட்டு அராவுங்கள், அரம் ஒரு தரம் வழுக்கினால் நீலப் பூச்சில் விழுகிற கீறல் காலத்துக்கும் நிற்கும். அராவின இடத்தில், சூடாக்காமல் தடவுகிற குளிர் நீலப் பூச்சு கொஞ்சம் தடவினால் போதும்.

கழற்றினால் பழையபடி வர வேண்டும் என்று சொன்ன நானே அராவச் சொல்கிறேனே என்று கேட்பீர்கள். நியாயம். இந்த ஒன்றை மட்டும் நான் விதிவிலக்காக வைத்திருக்கிறேன், ஏனென்றால் அந்த முன் சைட் அராவுவதற்காகவே உயரமாக விடப்பட்டது, நீங்கள் செய்வது தொழிற்சாலை பாதியில் விட்ட வேலையின் மறுபாதி. சன்னம் இடது வலதாகப் போனால் மட்டும் நீங்கள் தொட வேண்டாம், அதற்குக் குழலையே ஒரு மயிரிழை திருப்ப வேண்டும், தகுந்த இறுக்கியும் சட்டம் பிடிக்கிற அச்சும் இல்லாமல் செய்தால் சட்டமே முறுகிவிடும். அது பட்டறை வேலை.

பிடி. மென்மையான றப்பர் பிடி இரட்டை அக்‌ஷனுக்கு நல்லது, பாக்மேயர், ஹோக் என்கிற இரண்டு கம்பனிக்காரரும் நன்றாகவே செய்கிறார்கள். ஆனால் சிங்கிள் அக்‌ஷனின் பிடி கலப்பைப் பிடி மாதிரி வளைந்திருப்பது சும்மா இல்லை. சுட்டதும் துப்பாக்கி உள்ளங்கைக்குள் மேல்நோக்கி உருளும், உதைப்பின் பெரும்பகுதி அந்த உருளலிலேயே போய்விடும், உருண்டு முடிகிற இடத்தில் கட்டைவிரல் தானாகவே ஹாமரின் வாலில் போய் நிற்கும், அடுத்த வெடிக்கு இழுக்கலாம். றப்பர் கையில் ஒட்டிக்கொள்ளும், உருள விடாது, உதைப்பு முழுவதும் நேரே மணிக்கட்டுக்கு வரும். இதமாக இருக்கும் என்று நினைத்துப் பூட்டியவர்கள் மணிக்கட்டைத் தடவிக்கொண்டு திரும்பி வந்ததைப் பார்த்திருக்கிறேன். உங்கள் கை பெரிதென்றால், அளவு பார்த்துச் செய்த மரப் பிடி ஒன்று போடுங்கள், கொஞ்சம் தடிப்பாக, எண்ணெய் பூசினதாக, பளபளக்கிற வார்னிஷ் இல்லாமல். பழைய பிடியை ஒரு துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்துவிடுங்கள், எறிய வேண்டாம்.

இனி ட்ரிகர். நம் பழைய ஆட்கள் ஹாமரைக் குதிரை என்றுதான் சொல்வார்கள், நாட்டு வேட்டைத் துவக்கில் இருந்து வந்த சொல். குதிரையின் உள்பக்கத்தில் வெட்டியிருக்கிற படிகளில் ட்ரிகரின் நுனி உட்காரும். இணையத்தில் காணொளி பார்த்துவிட்டு அந்த நுனியைக் கல்லால் தேய்த்து இலகுவாக்குகிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்ய வேண்டாம். அந்த உலோகத்தின் மேல்தோல் மட்டும்தான் கடினம், உள்ளே மென்மை. தோலைத் தேய்த்துவிட்டால் முதல் நாள் வெண்ணெய் மாதிரி இருக்கும், சில நூறு ரவைக்குள் மென்மையான உலோகம் உருண்டு, கை படாமலே குதிரை விழுகிற நிலைமைக்கு வரும். அப்படி ஒரு துப்பாக்கியைப் பட்டறை மேசையில் வைத்துப் பார்த்திருக்கிறேன், நல்லகாலம் சிலிண்டர் வெறுமையாக இருந்தது.

இலகுவாக்க வேறு நல்ல வழி இருக்கிறது. இந்தப் பாணியில் மூன்று ஸ்பிரிங்தான் முக்கியம். பிடிக்குள்ளே இருக்கிற பெரிய தட்டை ஸ்பிரிங், ட்ரிகருக்கும் சிலிண்டரைப் பூட்டுகிற போல்ட்டுக்கும் சேர்த்து இரண்டு கால் உள்ள ஒரு தட்டை ஸ்பிரிங், சிலிண்டரைச் சுழற்றுகிற, ‘கை’ என்று சொல்கிற உறுப்புக்கு ஒன்று. இதில் இரண்டாவதுதான் அடிக்கடி உடையும், 1873இலிருந்து இன்றைக்கு வரை அதுதான் இந்த வடிவத்தின் பலவீனம். அதற்குப் பதிலாக வளைத்த கம்பியில் செய்த ஸ்பிரிங் விற்கிறார்கள், மலிவு, அதே திருகாணியில் உட்காரும், உடைவது மிகவும் அரிது, ட்ரிகரும் அதனாலேயே இலகுவாகும். நீங்கள் கேட்ட நவீனச் சாமான்கள் எல்லாவற்றிலும் இந்தச் சின்னக் கம்பித் துண்டைத்தான் நான் முதலில் வாங்குவேன். யாரும் வெளியே இருந்து பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது, ஆனால் துப்பாக்கியின் ஆயுளைக் கூட்டுவது அதுதான். பெரிய ஸ்பிரிங்கையும் இலகுவானதாக மாற்றலாம், இல்லையென்றால் கௌபோய் போட்டிக்காரர் செய்கிற மாதிரி, அதன் அடியில் சட்டத்துக்கும் ஸ்பிரிங்குக்கும் நடுவே ஒரு சின்னத் தோல் துண்டை வைத்து இறுக்கினால் அழுத்தம் குறையும். அளவுக்கு மிஞ்சிக் குறைத்தால் குதிரை விழும், ரவை வெடிக்காது. ஐம்பதில் ஒன்று வெடிக்கவில்லை என்றாலும் பழையதைத் திரும்பப் போடுங்கள். வெடிக்காத ரவை வந்தால் உடனே திறக்க வேண்டாம், குழலை இலக்குப் பக்கம் பிடித்தபடியே ஒரு நிமிடம் பொறுங்கள்.

இதற்கெல்லாம் திருகாணி கழற்ற வேண்டும், அதற்குச் சமாந்தரமான நுனி உள்ள துப்பாக்கித் திருப்புளி வேண்டும். வீட்டுத் திருப்புளியின் நுனி ஆப்பு மாதிரி சரிந்திருக்கும், வெட்டில் இருந்து மேலே ஏறித் திருகாணித் தலையைச் சிதைக்கும். ஒரு துப்பாக்கியை யார் திறந்திருக்கிறார்கள் என்று பார்க்க நான் முதலில் பார்ப்பது திருகாணித் தலைகளைத்தான்.

பாதுகாப்பு விஷயம் ஒன்று, நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லியே ஆக வேண்டும். பழைய வடிவத்தில் குதிரை இறங்கியிருக்கும்போது ஊசி நேரே ரவையின் தொப்பி மேல் நிற்கும், கீழே விழுந்து குதிரையில் அடிபட்டால் வெடிக்கும். அதனால்தான் ஆறு அறையில் ஐந்தை மட்டும் நிரப்பி, வெற்று அறை மேல் குதிரையை இறக்கி வைக்கிற பழக்கம் வந்தது. அண்மைக் கால உபெர்ட்டி சிலவற்றில் ஊசி உள்ளே இழுத்துக்கொள்கிற பொறி இருக்கிறது, உங்களுடையது அதுவோ இல்லையோ, ஐந்தே நிரப்புங்கள். ரூகர் 1973இல் குறுக்குத் தட்டுப் பொறி ஒன்றைக் கொண்டுவந்து இந்தப் பிரச்சினையைத் தீர்த்தது, அதற்கு முந்திய தன் பழைய துப்பாக்கிகளுக்கும் இலவசமாகவே பூட்டிக் கொடுக்கிறது, கழற்றிய பழைய உறுப்புகளையும் சொந்தக்காரரிடமே திருப்பி அனுப்புகிறது. நவீனமாக்குவது என்றால் அப்படித்தான் இருக்க வேண்டும் என்று நான் பட்டறையில் பொடியன்களுக்குச் சொல்லிக்கொண்டே இருப்பேன்.

ரவை வாங்கும்போதும் கவனம். பெட்டியில் ரூகருக்கு மட்டும் என்று எழுதின .45 கோல்ட் ரவை இருக்கிறது, அதே அளவு, உங்கள் சிலிண்டருக்குள் அழகாகப் போய் உட்காரும். சாதாரண .45 கோல்ட்டின் உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 14,000 இறாத்தல், அந்தப் பெட்டியில் இருப்பது அதைப் போல இரண்டு மடங்கு வரை போகும். உங்கள் சிலிண்டரின் சுவர் மெல்லியது. அதைத் தொடவே வேண்டாம்.

பிறகு துரு. இதில் நானும் நீங்களும் ஒரே ஊர்க்காரர்தான், டச்பே கடற்காற்றில் சைக்கிள் சங்கிலிக்கு என்ன ஆகும் என்று நமக்குத் தெரியும், ஹூஸ்டனும் வளைகுடாக் கரையில் இருந்து தூரம் இல்லை, அந்த வெக்கை நமக்குப் பழகின வெக்கை. றப்பர் பிடி போட்டவர்கள் மாதத்துக்கு ஒரு தரமாவது அதைக் கழற்றிப் பார்க்க வேண்டும், வியர்வை உள்ளே போனால் காயாது, வெளியே பளபளக்கும், உள்ளே செம்மண் நிறத்தில் துரு படர்ந்திருக்கும். தோல் உறைக்குள் வைத்துப் பெட்டியில் பூட்டி வைப்பது அதைவிடக் கெடுதல், தோல் ஈரத்தை இழுத்துப் பிடித்து வைத்திருக்கும், பதனிட்ட உப்பும் அதில் இருக்கும். உறை சுமப்பதற்கு மட்டும். சுட்டு வந்த அன்றைக்கே துடைத்து மெல்லிய எண்ணெய் பூசுங்கள். வெளிப்பக்கத்துக்கு ரெனசான்ஸ் மெழுகு என்று ஒன்று கிடைக்கும், பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் ஆய்வுகூடத்தில் உருவானது, பழைய ஆயுதங்களைப் பாதுகாக்க அருங்காட்சியகக்காரர்களே பாவிப்பது. இங்கே ஒஸ்டன்பர்க்கில் கடற்படையின் ஹூட்ஸ் டவர் அருங்காட்சியகத்தில் நிற்கிற பழைய கரையோரப் பீரங்கிகளைப் பார்க்கும்போதெல்லாம், கடல் உப்போடு மல்லுக்கட்டி இரும்பை வைத்திருப்பது எவ்வளவு வேலை என்றுதான் எனக்குத் தோன்றும்.

சட்டத்தில் இரண்டே விஷயம். கைத்துப்பாக்கிக்குத் தோளில் வைக்கிற கட்டை விற்பார்கள், பழைய கோல்ட் படங்களிலும் பார்த்திருப்பீர்கள், வடிவாக இருக்கும். அதைப் பூட்டினால் அமெரிக்காவின் 1934ஆம் ஆண்டுத் தேசியச் சுடுகலன் சட்டத்தின் கீழ் அது குறுங்குழல் ரைபிள் என்று வேறு வகைக்குள் போய்விடும், முன்கூட்டியே பதியாமல் செய்தால் பெரிய குற்றம். குழலுக்குக் கீழே செங்குத்துப் பிடி பூட்டுவதும் அதே மாதிரிச் சிக்கல்தான். மற்றது, நீங்கள் ஊருக்கு வரும்போது சுடுதளத்துக்குக் கொண்டுபோகிற பையைப் பயணப் பையாக எடுத்து வர வேண்டாம். மூலையில் ஒரு வெற்றுக் கோது கிடந்தாலும் விமான நிலையத்தில் அதை விளங்கப்படுத்த உங்களால் முடியாது, அம்மா வெளியே காத்துக்கொண்டு நிற்பார். புதுப் பை ஒன்று வாங்குங்கள்.

இந்தச் சனிக்கிழமை 250 கிரெய்ன் ரவையில் ஒரு பெட்டி சுட்டு, அட்டையைப் படம் எடுத்து அனுப்புங்கள். சைட் இடைத்தூரத்தையும் நூலால் அளந்து எழுதுங்கள், எவ்வளவு அராவ வேண்டும் என்று கணக்குப் போட்டுச் சொல்கிறேன். அதுவரைக்கும் அரத்தைக் கையில் எடுக்க வேண்டாம்.